மன்றத்தில் வழக்குரைக்கும் பேய்: பினாங்கு நகர மண்டபமும் பழங்கட்டடங்களைச் சூழ்ந்த கதைகளும்



பழைய மண்டபம் ஒன்று எந்த ஊரில் இருந்தாலும் அதற்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று கல்வெட்டிலும் அரசிதழிலும் நகராட்சிக் குறிப்பிலும் எழுதப்பட்டது. அடிக்கல் நாட்டிய ஆளுநர் பெயர், திறந்த ஆண்டு, செலவான தொகை ஆகியன அதில் இருக்கும். மற்றொன்று இரவுக் காவலர், துப்புரவுப் பணியாளர், ஒத்திகைக்கு வந்த மாணவர் ஆகியோர் வாயிலாகப் பரவுவது. ஆளில்லாத மேடையில் கேட்ட காலடி, பூட்டிய அறையில் நகர்ந்த நாற்காலி, படிக்கட்டில் நின்ற வெள்ளையுடைப் பெண் ஆகியன அதில் இருக்கும். முதல் வரலாற்றை நாம் பாடநூலில் சேர்க்கிறோம். இரண்டாவதைச் சிரித்து ஒதுக்குகிறோம், அல்லது அஞ்சி ஒதுக்குகிறோம். இவ்வுரை இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க முயல்கிறது. பேய் உண்டா இல்லையா என்பது நம் வினா அன்று. நம் மண்டபக் கதைகளில் பேயாக வருபவர் யார், வராதவர் யார் என்பதே வினா.

தமிழ் மரபில் மன்றமும் பூதமும்

பொதுமக்கள் கூடும் இடத்தைத் தமிழர் மன்றம், பொதியில், அம்பலம், அவை, அரங்கு எனப் பல பெயர்களால் வழங்கினர். இவ்விடங்களைக் குறிக்கும் பழைய இலக்கியப் பகுதிகளை நோக்கினால் ஒரு செய்தி வியப்பூட்டும்: கண்ணுக்குப் புலனாகாத ஒன்று அங்கெல்லாம் உடன் இருக்கிறது.

புறநானூற்றின் 52-ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் பாழ்பட்ட பொதியில் ஒன்றைக் காட்டுகிறார். அங்குத் தூணில் உறைந்த கடவுள் அத்தூணைக் கைவிட்டுப் போய்விட்டது, பலியிடுவார் இல்லை. நரைத்த முதியோர் அமர்ந்து சூதாடித் தேய்ந்த குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. போரினால் அழிந்த ஊரைச் சொல்லப் புலவர் தேர்ந்தெடுத்த காட்சி, பயன்பாடு அற்றுப்போன ஒரு பொது மண்டபம். மக்கள் நீங்கியபின் பேய் புகுந்தது என்று அவர் பாடவில்லை. மக்கள் நீங்கியதோடு தெய்வமும் நீங்கிற்று என்றே பாடினார். இக்குறிப்பை மனத்தில் கொள்க. பின்னர் இதற்கு மீள்வோம்.

சிலப்பதிகாரம் இந்திர விழவூரெடுத்த காதையில் புகார் நகரின் ஐந்து மன்றங்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று பூத சதுக்கம். பொய்த்தவத்தோர், பிறன்மனை நயந்தோர், பொய்க்கரி புகல்வோர், புறங்கூறுவோர் முதலியோரைப் பிடித்து உண்ணும் பூதம் அங்கு நின்றது. மற்றொன்று பாவை மன்றம். அரசனின் கோல் வளைந்தாலும் அறங்கூறு அவையம் ஒருபக்கம் சாய்ந்தாலும் அங்குள்ள பாவை வாய் திறவாது கண்ணீர் உகுக்கும். இக்காலச் சொல்லால் கூறுவதாயின், நகரின் நீதிமுறைக்கு மேற்பார்வையாளராகப் பூதமும் பாவையும் அமர்த்தப்பட்டிருந்தன.

மணிமேகலையிலும் ஒரு பொது மண்டபம் உண்டு. புகாரின் உலக அறவி என்னும் அம்பலம் அது. மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்கு உணவிட்டது அங்கே. அதன் தூணில் துவதிகன் என்னும் தெய்வம் உறையும் பாவை ஒன்று இருந்தது; கந்திற்பாவை என்பர். உதயகுமரன் அவ்வம்பலத்தில் வெட்டுண்டு வீழ்ந்தபோது, நடந்தது என்ன, முன்பிறப்பில் நேர்ந்தது என்ன, இனி நேர்வது என்ன என்று எடுத்துரைத்தது அத்தூணே. மண்டபம் தன்னுள் நிகழ்ந்த கொலைக்குத் தானே சாட்சி சொல்கிறது.

நாட்டார் மரபில் இக்கருத்து உச்சம் அடைவது பழையனூர் நீலி கதையில். கணவனால் கொல்லப்பட்ட பெண் மறுபிறப்பில் பேயாகி அவனைத் தொடர்கிறாள். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திப் பழையனூர் வேளாளர் கூடிய மன்றத்தில் வந்து நிற்கிறாள். தான் அவன் மனைவி என்றும் அவன் தன்னைக் கைவிட்டான் என்றும் வழக்குரைக்கிறாள். எழுபது வேளாளர் அவள் சொல்லை நம்பி, அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தம் உயிரைத் தருவதாகப் பிணைநின்று அவனை அவளுடன் அனுப்புகின்றனர். அன்றிரவே அவன் மாள்கிறான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்புகுந்தனர் என்பது கதை. அச்சமூட்டும் கதைதான். எனினும் அந்தப் பேய் இருட்டில் பதுங்கி அச்சுறுத்துவதோடு நிற்கவில்லை. பலர் அறிய அவைக்கு வந்து முறையிட்டது.

இவற்றால் அறியப்படுவது யாது? தமிழ் மரபில் மன்றத்துப் பேயும் பூதமும் பாவையும் மூன்று பணிகளைச் செய்தன: காத்தன, நினைவு வைத்திருந்தன, வழக்குரைத்தன. இந்த அளவுகோலைக் கையில் கொண்டு நம் தீவின் மண்டபத்திற்கு வருவோம்.

ஜார்ஜ்டவுன் நகர மண்டபம்

பிரான்சிஸ் லைட் 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டார். அவர் இறங்கிய முனையில் கார்ன்வாலிஸ் கோட்டையும், அதன் அருகே எஸ்பிளனேட் என்னும் கடலோரத் திடலும் அமைந்தன. அத்திடலை நோக்கி 1880-இல் எழுந்ததே நகர மண்டபம். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த சர் பிரடெரிக் வெல்ட் அதனைத் திறந்து வைத்தார். நடனக்கூடம், நாடக மேடை, நூலகம் ஆகியவற்றைக் கொண்டதாக அது விளங்கிற்று. 1903-இல் அதன் பக்கத்தில் நகராட்சி அலுவலகம் எழுந்தது. ஜார்ஜ்டவுன் 1957-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மாநகரத் தகுதி பெற்றபின் அவ்வலுவலகமே மாநகர மண்டபம் ஆயிற்று. இன்றும் இரண்டு கட்டடங்களும் திடலை அடுத்து நிற்கின்றன.

நகர மண்டபம் என்பது பெயர். ஆயினும் நகரத்தார் அனைவர்க்கும் அது திறந்திருக்கவில்லை. அங்கு நடந்த நடனங்களும் விருந்துகளும் ஐரோப்பியர்க்கும் செல்வாக்குடைய சிலர்க்கும் உரியவை. ஹொக்கியன் பேசும் சீனர் அக்கட்டடத்தை வெள்ளையர் சங்கம் என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். எழுதிய பெயர் ஒன்று, மக்கள் வழங்கிய பெயர் மற்றொன்று. உண்மை எதில் அடங்கியிருந்தது என்பதை நீங்களே உணர்வீர்கள்.

திடலுக்குச் சற்று அப்பால் உள்ள தெருக்களில் தமிழர் நெருங்கி வாழ்ந்தனர். படகோட்டிகள், துறைமுகத்தில் மூட்டை சுமப்போர், சூலியா வணிகர், கிட்டங்கிகளில் வட்டித் தொழில் நடத்திய செட்டியார்கள் என அவர்கள் பலதிறத்தினர். குயின் ஸ்ட்ரீட்டில் மகா மாரியம்மன் கோயில் 1833-இலிருந்து நிற்கிறது. காப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அதனினும் மூத்தது. இம்மக்களின் கூத்தும் பாட்டும் கோயில் முன்றிலிலும் கொட்டகையிலும் நடந்தனவேயன்றி, நடனக்கூடத்தில் நடந்தன அல்ல.

அக்காலத்தில் ஜார்ஜ்டவுனில் மற்றொரு நாடக மரபு பிறந்தது. 1870-களில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுவினர் இங்கு இந்துஸ்தானி மொழியில் ஆடிக்காட்டினர். அவர்கள் திரும்பிச் செல்லும்போது மாமாக் புஷி என்பவர் அவர்களுடைய உடைகளையும் மேடைப் பொருள்களையும் விலைக்கு வாங்கி, மலாய் மொழியில் நடிக்கும் குழு ஒன்றை அமைத்தார். 1885 அளவில் தோன்றிய அக்குழுவிலிருந்தே பங்சாவான் என்னும் மலாய் நாடகக் கலை வளர்ந்தது. ஜின்னும் தேவதையும் இந்திரனும் அரக்கரும் உலவிய கதைகளை மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே கொட்டகையில் அமர்ந்து பார்த்தனர். பெயரளவில் பொது மண்டபம் ஒருபுறம். பெயரில்லாமலே பொதுவாக இருந்த கொட்டகை மறுபுறம். முன்னது நிற்கிறது, பின்னதன் சுவடு இல்லை.

காலம் மாறிற்று. 1950-களின் இறுதியில் ஜார்ஜ்டவுன் மாநகரின் மேயராக டி. எஸ். இராமநாதன் வீற்றிருந்தார். ஒரு காலத்தில் வெள்ளையர் சங்கம் என வழங்கப்பட்ட கட்டடத்தின் அண்டையில், மக்கள் வாக்கால் அமைந்த மன்றத்திற்கு ஒரு தமிழர் தலைவரானார். 1966-இல் மாநகர மன்றத்தின் அதிகாரங்களை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. பின்னர் லைட் ஸ்ட்ரீட்டில் டேவான் ஸ்ரீ பினாங் என்னும் பெரிய அரங்கு எழுந்ததால், பெருங்கூட்டம் கூடும் நிகழ்ச்சிகள் அங்குச் சென்றன. 2008 சூலையில் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபின், பழைய நகர மண்டபம் பாதுகாக்கப்பட வேண்டிய நினைவுச் சின்னமாகிவிட்டது. அன்றாடம் பயன்படும் கட்டடத்திற்கு நிகழ்ச்சிகள் இருக்கும். நினைவுச் சின்னத்திற்குக் கதைகள் வந்து சேரும்.

கதைகளின் அடுக்குகள்

ஜார்ஜ்டவுனிலும் கெலுகோரிலும், ஏன், இந்நாடெங்கும் பழைய மண்டபங்களையும் பள்ளிகளையும் விடுதிகளையும் பற்றிச் சொல்லப்படும் பேய்க்கதைகளைத் தொகுத்து நோக்கினால், அவை மண்ணடுக்குகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதைக் காணலாம்.

அடியில் இருப்பது பொந்தியானாக், லங்சுயர் முதலிய பெண் பேய்களின் கதை. பிள்ளைப்பேற்றில் மாண்ட பெண் வெள்ளுடையும் விரிகூந்தலுமாகத் திரிவாள் என்பது மலாய் மக்களின் பழைய நம்பிக்கை. ஆங்கில அலுவலர் வால்டர் ஸ்கீட் 1900-இல் வெளியிட்ட மலாய் மந்திர நம்பிக்கைகள் பற்றிய நூலிலேயே இவை பதிவாகியுள்ளன. நம் மோகினி இவளுக்கு உறவினள். எனவே தமிழர் வீடுகளிலும் இக்கதை எளிதில் குடிபுகுந்தது.

அதன்மேல் படிந்தது சப்பானிய வீரன் கதை. நள்ளிரவில் பூட்ஸ் ஒலி கேட்கும், அணிவகுத்துச் செல்வர், தலையற்ற வீரன் நடைக்கூடத்தில் வருவான். இது 1942-க்கு முன் தோன்றியிருக்க இயலாது. ஒரு கட்டடத்தின் கதையில் இவ்வீரன் வருவானாயின், அக்கதையின் வயதை நாம் கணித்துவிடலாம். பாசறையாக இருந்து பள்ளியாகவோ விடுதியாகவோ மாறிய கட்டடங்களில் இக்கதை தவறாது உண்டு. மின்டன் பாசறை அமைந்திருந்த கெலுகோர் மேட்டில் 1971 முதல் அறிவியல் பல்கலைக்கழகம் இயங்குவதை நீங்கள் அறிவீர்கள். படைவீடு கல்விக்கூடமாகும்போது அணிநடை ஒலியும் உடன் வருவது கதைகளின் இயல்பு.

மேலடுக்கு அண்மைக் காலத்தது. திரைப்படமும் நூல்வரிசைகளும் கைப்பேசியும் கொண்டுவந்தவை அவை. உலகின் பிற அரங்குகளுக்குரிய கதைகள் ஊர்ப்பெயர் மாறி இங்கு வந்து இறங்குகின்றன. இலண்டனின் துரூரி லேன் அரங்கில் சாம்பல்நிற உடையணிந்த ஒருவர் பகற்காட்சியில் தோன்றுவார் என்பது அவ்வூர்க் கதை. மேலைநாட்டு அரங்குகளில் இரவில் எல்லோரும் சென்றபின் மேடை நடுவே ஒற்றை விளக்கை ஏற்றி வைப்பர். இருட்டில் யாரும் மேடை விளிம்பிலிருந்து விழாதிருக்கவே அவ்வேற்பாடு. ஆயினும் அது பேய் விளக்கு என்றே பெயர் பெற்றது.

ஒலிகளைப் பற்றிச் சில சொற்கள் கூறியாக வேண்டும். அறிவியல் ஆசிரியர்க்கு இது நல்ல பாடம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். எழுந்த ஒலியும் சுவரில் பட்டு மீளும் ஒலியும் பத்தில் ஒரு நொடி இடைவெளியில் காதில் விழுந்தால், மனிதச் செவி அவற்றை இரண்டாகப் பிரித்து உணரும். எனவே சுவர் 17 மீட்டருக்கு அப்பால் இருந்தால் நம் காலடியே மற்றொருவர் காலடியாகக் கேட்கும். ஆள் நிறைந்த கூடத்தில் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிவிடும். வெறுங்கூடம் அவ்வாறு செய்யாது. பகலில் வெயிலில் விரிந்த மரப்பலகை இரவில் குளிர்ந்து சுருங்கும்போது முறுகி ஓசை எழுப்பும். கூரையில் வௌவாலும் உழவாரக் குருவியும் உறையும். ஆளற்ற மேடையின் காலடியில் பெரும்பகுதி இவற்றால் விளங்கிவிடும்.

ஆனால் ஒலியை விளக்குவது கதையை விளக்குவதாகாது. மரம் முறுகியது என்றால், அது ஏன் சப்பானிய வீரனின் பூட்ஸாகக் கேட்டது? செவி தந்தது ஓசை. அதற்கு உருவம் தந்தது நினைவு.

நிகழ்ந்தவை

அந்நினைவின் அடியில் உள்ளவை கதைகள் அல்ல. 1941 டிசம்பர் 11-ஆம் நாள் சப்பானிய வானூர்திகள் ஜார்ஜ்டவுனின் நெரிசல் மிகுந்த தெருக்களில் குண்டு பொழிந்தன. அவை யாருடைய வானூர்திகள் என அறியாது வேடிக்கை பார்க்கத் தெருவில் திரண்டிருந்த மக்களுள் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். சில நாள்களில் ஆங்கில ஆட்சியினர் ஐரோப்பியரை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிக்கொண்டு தீவை விட்டு நீங்கினர். ஏனையோர்க்குச் சொல்லவும் இல்லை.

ஆட்சியற்ற அத்தீவில் பொறுப்பேற்று முன்வந்தவர்களுள் முதன்மையானவர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழரான அவர் ஸ்டிரெயிட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியர். ஆங்கிலேயர் சென்ற பின்னும் கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த அவர்தம் கொடியை இறக்கி, வெள்ளைக் கொடியை ஏற்றச் செய்தார். இங்குப் படை ஏதும் இல்லை, குண்டு வீச வேண்டா என்று வானொலி வழியே சப்பானியர்க்கு அறிவித்தார். நகர மண்டபத்தின் அண்டையிலே நிகழ்ந்தது இது. டிசம்பர் 19-ஆம் நாள் சப்பானியப் படை தீவுக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டில் முகமூடியிட்ட காட்டிக்கொடுப்போர் விரல் நீட்டிய சீனர் பலர் பிடித்துச் செல்லப்பட்டனர், பலர் மீளவில்லை.

இத்தகைய கொடுமைக்கு அரங்கு ஒன்று நேரடிச் சாட்சியானதைக் காண வேண்டுமாயின் சிங்கப்பூரை நோக்க வேண்டும். அங்குள்ள விக்டோரியா நினைவு மண்டபம் 1905-இல் திறக்கப்பட்டது. 1942-இல் நகரம் வீழுமுன் குண்டடிபட்டோர்க்கு அது மருத்துவமனை ஆயிற்று. போருக்குப்பின் சப்பானிய அலுவலர் மீதான போர்க்குற்ற வழக்குகள் அங்கே விசாரிக்கப்பட்டன. சீனர் படுகொலை வழக்கும் 1947-இல் அம்மண்டபத்திலேயே நடந்தது. 1954-இல் மக்கள் செயல் கட்சி தொடங்கப்பெற்றதும் அங்கேதான். ஒரு கூரையின்கீழ் அழுகையும் நீதியும் அரசியலும் இசையும் ஆண்டு குறிப்பிட்டுச் சொல்லத்தக்க வகையில் எழுதப்பட்டுள்ளன. அம்மண்டபம் கந்திற்பாவைபோல் தன் சாட்சியத்தைச் சொல்லிவிட்டது.

சென்னையின் விக்டோரியா பொது மண்டபமும் அவ்வாறே. சிசம் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டியார் கட்டிய அம்மண்டபத்தில் விவேகானந்தர் 1897-இல் உரையாற்றினார். 1916 நவம்பர் 20-ஆம் நாள் கூடிய கூட்டம் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்ற வழி வகுத்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையார் அம்மேடையில் ஆண்டுக்கணக்கில் நடித்தனர். முதலியார் தம் மேடை வாழ்வைத் தாமே விரிவாக எழுதி வைத்தார். எழுதிவைக்கப் பயன்பாட்டாளர் இருந்த மண்டபத்தைப் பற்றிப் பேச நமக்குப் பேயின் உதவி தேவைப்படுவதில்லை.

வாராத பேய்கள்

இப்போது நம் வினாவுக்கு வருவோம். நம் மண்டபக் கதைகளில் பேயாக வருபவர் வெள்ளுடைப் பெண், சப்பானிய வீரன், சில இடங்களில் வெள்ளைக்காரச் சீமாட்டி. வாராதவர் யார்?

1790-களிலிருந்து பல பத்தாண்டுகளாக இந்தியாவிலிருந்து கைதிகள் நீரிணைக் குடியேற்றங்களுக்கு நாடுகடத்தப்பட்டனர். பினாங்கின் சாலைகளும் பாலங்களும், 1818-இல் முடிவுற்ற புனித ஜார்ஜ் தேவாலயமும் அவர்தம் உழைப்பால் உருவானவை. காலில் விலங்குடன் கல் சுமந்த அம்மனிதர் எந்தத் தூணின் பின்னாலும் தோன்றுவதாக நாம் கதை சொல்வதில்லை.

1942 நடுவிலிருந்து 1943 அக்டோபர் வரை சப்பானியர் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா இரயில் பாதையை அமைத்தனர். நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் உழன்றனர். 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் அவர்களுள் பலருக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. அப்பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளர் தொகை அதனினும் பன்மடங்கு; இறந்தவர் தொகையும் அவ்வாறே. அவர்களுள் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர். காலரா, மலேரியா, பசி, அடி ஆகியவற்றால் மாண்ட அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் எழுதிய கல் இல்லை.

நம் மாணவர் விடுதிகளில் கொன்றவன் பேயாக நடமாடுகிறான். கொல்லப்பட்ட தோட்டத் தொழிலாளி பேயாகக்கூட வருவதில்லை. பழையனூரில் கொலையுண்டவள் மன்றேறி வழக்குரைத்தாள். இங்குக் கொலையுண்டோர்க்கு மன்றமும் இல்லை, கதையும் இல்லை. பேய்க்கதை மக்களின் நினைவு என்று பொதுவாகச் சொல்லி மகிழ்வோர் உண்டு. ஓரளவு உண்மை. ஆயின் அந்நினைவும் அஞ்சத்தக்கவரையே வைத்துக்கொள்கிறது. இரங்கத்தக்கவரை எளிதில் விட்டுவிடுகிறது. பூட்ஸ் ஒலிக்கு அஞ்சும் மாணவன், அப்பூட்ஸின் கீழ் இருந்தவர் தன் கொள்ளுப்பாட்டனாகவும் இருக்கலாம் என்பதை அறியாதிருக்கிறான்.

பேய்க்கு இருக்கை அளித்தவர்கள்

இந்நாட்டு மக்களின் பழைய அரங்க வழக்கங்கள் இவ்வகையில் நம்மினும் அறிவுடையனவாக இருந்தன. சீனர் ஏழாம் திங்களில் பசித்த ஆவிகளுக்கு விழா எடுக்கின்றனர். பினாங்குத் தெருக்களில் அமைக்கப்படும் நாடக மேடைகளின்முன் முதல் வரிசை நாற்காலிகள் வெறுமையாக விடப்படும். உறவினர் அற்ற ஆவிகளும் வந்தமர்ந்து பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். மலாயரின் மாக் யோங் கூத்திலும் வயாங் கூலிட் என்னும் தோற்பாவைக் கூத்திலும் ஆட்டம் தொடங்குமுன் மேடை திறக்கும் சடங்கு உண்டு. அவ்விடத்து ஆவிகளிடம் இசைவு கேட்ட பின்னரே ஆட்டம் நடக்கும்.

நம் மரபும் அதுவே. அரங்கேற்று காதை மாதவி ஆடிய மேடையை அளவோடு கூறுகிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், தலைமேல் நான்கு கோல் இடைவெளி. மேல்நிலையில் பூதங்களை எழுதி வைத்தனர். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தினர். பூதத்துக்கும் இடம் அளித்தனர். நிழலும் விழாமல் பார்த்துக்கொண்டனர். தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரும் காட்டை அழித்த எல்லையில் முனியாண்டிக்கு ஒரு கல் நட்ட பின்னரே குடியிருப்பு அமைத்தனர்.

இவ்வழக்கங்கள் எல்லாவற்றிலும் இறந்தோர்க்கு ஒரு வரையறுத்த இடமும் நேரமும் உண்டு. அயலவர் ஆட்சி எழுப்பிய நடனக்கூடத்தில் அத்தகைய இடம் எவர்க்கும் ஒதுக்கப்படவில்லை. இடம் பெறாதவர் வதந்தியாக நுழைகின்றனர்.

நாம் செய்யத்தக்கது

பேய்க்கதை இன்று விலைப்பொருளும் ஆகிவிட்டது. மரபுரிமை நகருக்கு வரும் பயணிகட்கு அச்சம் விற்கப்படுகிறது. எந்தப் பழைய கட்டடமாயினும் அங்குச் சப்பானியர் தலை வெட்டினர் என்று ஒரு வரி சேர்க்கப்படுகிறது. மெய்யாகவே கொடுமை நிகழ்ந்த இடமும், ஏதும் நிகழாத இடமும் அதனால் ஒன்றாகிவிடுகின்றன. பொய்ச்சாட்சி பெருகினால் மெய்ச்சாட்சி மதிப்பிழக்கும். பூத சதுக்கத்துப் பூதம் பொய்க்கரியாளரைத் தண்டித்தது இதனால்தான் போலும்.

ஆகவே ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம். மாணவர் பேய்க்கதை சொன்னால் தடுக்க வேண்டா, எழுதச் சொல்லுங்கள். எழுதியபின் நான்கு வினாக்களை எழுப்பச் சொல்லுங்கள். இக்கதையை உனக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார்? கதையில் வரும் ஆவி எந்தக் காலத்துக்குரியது? அக்காலத்தில் இக்கட்டடம் எதற்குப் பயன்பட்டது என்பதற்கு ஆவணம் உண்டா? அக்காலத்தில் இங்கு வாழ்ந்தும் கதையில் இடம்பெறாதவர் யார்? முதல் மூன்று வினாக்களும் வரலாற்று முறையைக் கற்பிக்கும். நான்காவது வினா மாணவனைத் தன் வீட்டு முதியோரிடம் அழைத்துச் செல்லும். இரயில் பாதைக்குப் போய் மீளாத ஒருவரின் பெயர், கூத்துக் கொட்டகையில் மத்தளம் அடித்த ஒருவரின் பெயர், நகர மண்டபத்தைப் பெருக்கிய ஒருவரின் பெயர் அங்கே கிடைக்கலாம். எழுதிக்கொள்ளுங்கள், ஆண்டையும் ஊரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அப்போரைக் கண்ணால் கண்டவர் இன்று தொண்ணூறு வயதை நெருங்கியோரும் கடந்தோரும் ஆவர். அவர்கள் சொல்ல எஞ்சியுள்ள காலம் மிகக் குறைவு.

மாணவர்களே, மருதன் இளநாகனார் காட்டிய பாழ்ப்பொதியிலை மீண்டும் நினையுங்கள். மக்கள் கைவிட்டதால் தெய்வம் கைவிட்டது. தெய்வம் கைவிட்டதால் காட்டுக்கோழி முட்டையிட்டது. கட்டடத்திற்கு வெண்சாந்து பூசிக் காத்துவிட்டோம் என்று நாம் நிறைவுகொள்ளலாகாது. அதில் ஆடியவர், அதற்கு உழைத்தவர், அதன் வாயிலில் நிறுத்தப்பட்டவர் ஆகியோரின் பெயர்களை மீட்டு மன்றத்தின்முன் வைக்க வேண்டும். நீலி தன் வழக்கைத் தானே உரைத்தாள். இவர்கள் வழக்கை உரைக்க வேண்டியவர்கள் நாமே.